எல்லோரும் கை தட்டிய வாக்கியம்

உள்ளே நுழைந்ததுமே கேட்கிறேன், இந்தச் சார்ட்டை இன்னும் நீங்கள் விடவில்லையா? இடது பக்கம் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. வலது பக்கம் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். நடுவில் சிவப்பு மையில் ஒரு அம்பு. செய்கிறவர் இடது பக்கம், அது யார் மேல் விழுகிறதோ அவர் வலது பக்கம். விஷயம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம் அடிக்கிற கூத்து இருக்கிறதே, ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்தால் எனக்குத் தலையை வலிக்கிறது.

தமிழில் 'என்னைப் போனேன்' என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'நான்' எது, 'என்னை' எது என்று பால்வாடி போகிற குழந்தைக்கே தெரியும். அதையே ஆங்கிலத்தில் காட்டிக் கொடுத்தால் முடிந்தது. நம்மவர்கள் விடுவார்களா? பாட்டுக் கட்டுவார்கள், ஷார்ட்கட் சொல்வார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர், 'வினைச்சொல்லுக்கு வலது கைப் பக்கம் வந்தால் மீ' என்று சொல்லிக் கொடுத்தார். பையன் பரீட்சையில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம் மேல்தான். ஒரு பிள்ளை எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால், ஐ சரியா, மீ சரியா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்பதே இல்லை. டிக் அடித்துவிட்டு அடுத்த ஆள். நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள், இந்த வியாதி தொற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரையும் மாற்றிவிட்டேன். தேடிக்கொண்டு போனால் கிடைக்காது.

மேச்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு நானும் தினேஷ் என்று ஒரு இளைஞரும் இருந்தோம். தினேஷ் சார் எம்.ஏ., பி.எட்., சுறுசுறுப்பான ஆள், குரலும் நன்றாக இருக்கும். தலைமை ஆசிரியர் கணக்கு வாத்தியார். அவருக்கு இருந்த ஒரே பயம், காலையில் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிற தனியார் பள்ளி வேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அது நம் பிள்ளைகளில் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு போய்விடும். "இங்கிலீஷுதான் மேடம் அவங்களுக்கு வேணும். நம்ம புள்ளைங்களும் பேசும்னு காட்டணும்" என்றார். அதற்காகப் பெற்றோரைக் கூப்பிட்டு வகுப்பிலேயே உட்கார வைத்து ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு ஆனது. சந்தை இருந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சந்தை இல்லாத நாளாகப் பார்த்து வைத்தோம்.

பத்தாம் வகுப்பு. பிள்ளைகள் முன்னால், பெற்றோர் பின் பெஞ்சுகளில். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினேஷ் சார் ஒரு வாக்கியம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். மீ, ஹிம், ஹெர் ஏதாவது ஒன்று அதில் வர வேண்டும். ஒருவன் எழுந்து, "மை மதர் கிவ்ஸ் மீ மில்க்" என்றான். கைதட்டல். இன்னொருத்தி, "மை ஃபாதர் டேக்ஸ் மீ டு மேட்டூர் டேம்." கைதட்டல். ஒவ்வொன்றுக்கும் பிறகு தினேஷ் சார், "ஹூ இஸ் தி சப்ஜெக்ட்? ஹூ இஸ் தி ஆப்ஜெக்ட்?" என்று கேட்பார், வகுப்பே சேர்ந்து கத்தும். பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு எழுத்துப் புரியாது. புரியாததால் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கோகிலாவின் முறை வந்தது. நன்றாகப் படிக்கிற பெண், பதினைந்து வயது இன்னும் முடியவில்லை. அவளுக்குக் கொடுத்திருந்தது, மாமா எனக்குப் பேனா வாங்கித் தந்தார் என்கிற வாக்கியம். அவள் எழுந்தாள். பெஞ்சு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிதானமாகச் சொன்னாள்.

"மை அங்கிள் வில் மேரி மீ."

"எக்ஸலண்ட்!" என்றார் தினேஷ் சார். "ஹூ இஸ் தி சப்ஜெக்ட்?"

"அங்கிள்!" என்றது வகுப்பு.

"ஆப்ஜெக்ட்?"

"மீ!"

கைதட்டல். தலைமை ஆசிரியரும் தட்டினார்.

உங்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அந்த அறையில் எம்.ஏ. படித்தவரே மொழிபெயர்க்கவில்லை. 'என் மாமா என்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்.' ஒரு பெண் குழந்தை, அத்தனை பேர் நடுவில், வாய்விட்டுச் சொல்கிறாள். நாம் சப்ஜெக்ட் யார், ஆப்ஜெக்ட் யார் என்று கேட்டுக் கை தட்டுகிறோம். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அங்கேயும் தொங்கிய இதே சார்ட்டைச் சுவரோடு பிய்த்து எறிந்திருக்க வேண்டும்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய அப்பா, அம்மா, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். முப்பதை நெருங்கியிருப்பான். அம்மாவின் தம்பி. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை, வடக்கே எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்துவிட்டு லீவில் வந்திருந்தான். எல்லோரையும் விட அவன்தான் அதிகமாகத் தட்டினான். செல்போனைத் தூக்கிக்கொண்டு, "சாமி, இன்னொருக்காச் சொல்லு சாமி, வீடியோ எடுத்துக்கறேன்" என்றான்.

அந்த வீடியோ நாலு பேர் கைக்குப் போனால் ஆங்கிலம் தெரிந்த எவனாவது ஒருத்தன் சொல்லிவிடுவான். அதற்கு அப்புறம் அந்தப் பெண்ணின் கதி? அதே சமயம், நான் முகத்தில் ஏதாவது காட்டினாலும் வம்பு. 'ஊட்டுல வேலை இருக்குதுங்க' என்று மத்தியானமே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கல்யாணம் எந்த நாளில், எந்தக் கோயிலில் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

"வகுப்புல போன் கூடாதுங்க, உள்ள வெச்சிருங்க" என்று அதட்டினேன். வாத்தியாரம்மா அதட்டினால் ரிக்காரனும் கேட்பான். வைத்துவிட்டான்.

எழுந்து முன்னால் போனேன். தினேஷ் சார் கையில் இருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். "இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது, நானும் நாலு கேள்வி கேட்டுப் பாக்கறேன்" என்று பெற்றோரைப் பார்த்துச் சிரித்தேன். எப்படித்தான் அந்தச் சிரிப்பு வந்ததோ.

"வென் வில் ஹீ மேரி யூ?" என்று கேட்டேன், ஏதோ பாடம் கேட்கிற தொனியில்.

"ஹீ வில் மேரி மீ நெக்ஸ்ட் தர்ஸ்டே, டீச்சர்."

அடுத்த வியாழக்கிழமை! பரீட்சைகூட முடிந்திருக்காது.

"டிட் யூ டெல் தெம்?"

"ஐ டோல்ட் தெம். தே டூ நாட் லிசன் டு மீ."

"டு யூ வாண்ட் ஹிம்?"

"நோ டீச்சர். ஐ வாண்ட் டு ஸ்டடி."

ஒவ்வொரு பதிலுக்கும் பின்னாலிருந்து கைதட்டல். வெள்ளைச் சட்டைக்காரன் தன் அக்கா புருஷனைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினான். குரல் நடுங்காமல் அவள் எப்படி நின்றாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கையில் இருந்த சாக்பீஸ் ஒடிந்துவிட்டது.

"வாட் டிட் தே பை யூ?"

"தே பாட் மீ எ சாரி. இன் செவ்வாய்ப்பேட்டை."

வந்தது வினை. ஊர்ப் பெயர் புரிந்துவிட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "செவ்வாய்ப்பேட்டைங்கறா? என்னுங்க டீச்சர் சொல்றா?" என்றார்.

"சேலத்துக் கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போனதைச் சொல்றா."

"ஆமாங்க, போன வாரம் போனமுங்க" என்று மகிழ்ந்துபோனார். நான் "வெரி குட், சிட் டவுன்" என்றேன். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்ட வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கோகிலாவின் அம்மா டம்ளர் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"டீச்சருங்க, அவ சொன்னது உங்களுக்கு வெளங்குச்சுங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எனக்கு எங்கீங்க தெரியும். காலீல சோறு கட்டறப்ப எங்கிட்டத் தமிழ்ல சொல்லிட்டுத்தான் வந்தா. அப்பனும் மாமனும் உக்காந்திருக்கப்பவே சொல்றேம்மா, டீச்சருக்கு மட்டுந்தான் வெளங்கும்னா."

"நீங்களே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"அவன் எங்கூடப் பொறந்தவனுங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா எனக்குப் பொறந்த ஊடும் கெடையாது, பொழைக்கிற ஊடும் கெடையாது. எம்பேரு வெளிய வந்துரக் கூடாதுங்க. அவளையும் காட்டிக் குடுத்துராதீங்க. என்னத்தையாச்சும் பண்ணுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தூரத்தில் தம்பி, "அக்கா, போலாமா?" என்று கூப்பிட்டான். அவள் சட்டென்று குரலை உயர்த்தி, "இரு வாரேன்டா, இந்தக் கொழாயில தண்ணி வந்தாத்தான!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். தினேஷ் சாரையும் கூப்பிட்டேன். "கோகிலா என்ன சொன்னா, கேட்டீங்களா இல்லையா?" என்றேன்.

"கேட்டேன் மேடம். ப்ரனவுன் கரெக்டா இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. "மேடம், நான் எக்ஸலண்ட்னு வேற சொல்லிட்டனே" என்று முனகினார். பாவம், நல்ல பையன். கேட்கிற பழக்கம்தான் இல்லை.

தலைமை ஆசிரியர் மென்று முழுங்கினார். "மேடம், இது அவங்க குடும்ப விஷயம். ஊரே கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது? ஏற்கெனவே வேன் வந்து புள்ளைங்கள அள்ளிட்டுப் போகுது."

"சார், வேன்ல போற புள்ள சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும். இது போனா வராது."

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. பேசறதா இருந்தா வெளிய போய்ப் பேசுங்க."

வெளியே போய், குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உங்க பேரு ரகசியமா இருக்கும் மேடம், பயப்படாதீங்க" என்றாள்.

"வேண்டாம்மா. அந்த வீட்டுக்காரங்க கேட்டா என் பேரையே சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

"அப்படிச் சொல்ற வழக்கம் இல்லைங்களே."

"வழக்கம் கிடக்கட்டும். நானே சொல்லிக்கறேன்."

புதியவர்களே, இதை மட்டும் மனதில் வையுங்கள். நல்ல காரியம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றும். சொன்னவர் பெயர் வெளியே தெரியாவிட்டால் அவர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்குள்ளேயே ஆளைத் தேடுவார்கள். அந்த வீட்டுக்குள் இருந்தது ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும்தான். யார் மேலாவது பழி விழத்தான் போகிறது என்றால், மாதச் சம்பளமும் தனி வீடும் இருக்கிற என் மேல் விழுந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசி, பதினெட்டு முடிகிறவரை கல்யாணம் இல்லை என்று அப்பாவிடமும் மாமனிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் போனதும் சொந்தபந்தமெல்லாம் திரண்டு பள்ளிக்கு வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் கணக்குப் பாடம் எடுக்க உள்ளே போய்விட்டார். கேட்டருகே நான்தான் நின்றேன், தினேஷ் சார் என் பின்னால்.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்று தாய்மாமன் எகிறினான்.

"செவ்வாய்ப்பேட்டையில ஜவுளி எடுத்தது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா? நான்தான் போன் பண்ணினேன். என்ன இப்போ?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள், அந்த அம்மா. தலைமுடி அவிழ்ந்து தொங்கியது.

"என்ற தம்பிக்கு என்னடி கொறச்சலு? எங்குடியக் கெடுத்தவளே! ஊட்டுக்கு ஊடு எட்டிப் பாக்கற பொழப்புக்கு உனக்கு ஒரு வாத்திச்சி வேலையா? நீ நல்லா இருப்பியா? நாசமாத்தான்டி போவே!" குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். என் புடவையெல்லாம் மண்.

என்னை என் மாமியார்கூட அப்படிப் பேசியதில்லை. காது கூசியது. உண்மையில் வலித்தது என்றே சொல்கிறேன், காரணம் தெரிந்திருந்தும் வலித்தது. தினேஷ் சார் பொறுக்க மாட்டாமல், "ஏம்மா, மரியாதையாப் பேசுங்க!" என்று பாய்ந்தார். அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். "நீங்க உள்ள போங்க சார்."

அவள் நிறுத்தவில்லை. தொண்டை கட்டுகிற வரை திட்டினாள். சண்டைக்கு வந்த தம்பிக்கே பயமாகிவிட்டது. "அக்கா, உடு அக்கா, மயக்கம் கியக்கம் வந்துரப் போவுது, வா போலாம்" என்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனான். என்னைக் கேட்க வந்த கேள்வியை அவனே மறந்துவிட்டான். அந்த ஊரில் யாருக்கும் அவள் மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

தினேஷ் சார் ஒரு வாரம் என்னைக் குடைந்தெடுத்தார். "ஏன் மேடம் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை? வாயில கொழுக்கட்டையா?" என்னத்தைச் சொல்வது? நான் ஓய்வு பெற்ற அன்றுதான் குழாயடியில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். ரிக் வண்டியோடு தாய்மாமன் வடக்கே போய்விட்டான், பிறகு வேறு இடத்தில் பெண் கட்டினான். கோகிலா பரீட்சை எழுதினாள், பக்கத்து ஊரில் மேல்நிலையில் சேர்ந்தாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதன் பிறகு எனக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு விட்டுப்போனது. அவள் என்ன ஆனாள், பன்னிரண்டு முடித்ததும் வேறு யாருக்காவது பிடித்துக் கொடுத்துவிட்டார்களா என்பது தெரியாமல் எத்தனையோ நாள் எனக்குள் எரிச்சலாக வந்திருக்கிறது. கேட்கவும் ஆள் இல்லை. கேட்டால் அவளுக்குத்தான் சிக்கல்.

போன மாசம் சேலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். நடுவில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் அவள் ஊர்ப் பெண்கள், நாத்தனார், ஓரகத்தி எல்லாம். என்னைப் பார்த்துவிட்டாள். நான் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"பாருங்க, இவதான்!" என்று ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பியது. "இவதானுங்க எங்குடியக் கெடுத்தவ! இவளாலதான் எம்புள்ள கல்யாணம் காட்சி இல்லாம, சேலத்துல காலேஜுல மூணாவது வருசம் படிச்சுக்கிட்டு நிக்கிது! எல்லாப் பாடத்துலயும் மொத மார்க்கு வேற! மேல படிக்கறேன், வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிது, அவங்கப்பனும் சரின்னு தலைய ஆட்டிப்புட்டாரு! நல்லாருப்பாளா இவ? சொல்லுங்க, நல்லாருப்பாளா?"

நாத்தனார் உச்சுக் கொட்டினாள். கண்டக்டர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அம்மா, நீங்க முன்னாடி போயி நின்னுக்குங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, திட்டு வாங்குகிறவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டேன்.